அச்சும் இணையமும்: தமிழ்த் தொழினுட்பச் சஞ்சிகைகளின் தளர்வு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1

கிழக்கிலங்கையின் கரையோரப் பாதையிலே திருக்கோவிலைக் கடந்து பொத்துவிலை நோக்கிச் செல்வோர் இடையிலே கோமாரி என்னும் சிற்றூரைக் காண்பர். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்து, ஒரே மொழியைப் பேசி, ஒரே சந்தைகளிலே கொண்டும் கொடுத்தும் வரும் இக்கரையோரத்தின் பெருநகர் கல்முனையாகும். தலைநகரிலே அச்சாகிய ஏடுகள் இவ்வூரை அடைவதற்கு ஒரு நெடும்பயணத்தை மேற்கொள்ளவேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலே அச்சாகியவற்றின் பயணமோ அதனினும் நெடிது. இன்றோ அவ்வூரின் மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியைத் திறந்தால், உலகின் எம்மூலையிலும் வெளியாகும் தொழினுட்பச் செய்தியைக் கணப்பொழுதிற் பெற்றுவிடுகின்றான்.

இம்மாற்றத்தை விளக்க இரு கருத்துக்கள் பெரிதும் கூறப்படுகின்றன. அறிவு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, எனவே சஞ்சிகைகளின் மறைவு பற்றிக் கவலைகொள்ளவேண்டியதில்லை என்பது ஒன்று. வாசிப்புப் பழக்கம் அழிந்துவிட்டது, அதனாலேயே சஞ்சிகைகள் வீழ்ந்தன என்பது மற்றொன்று. தொழினுட்பச் சஞ்சிகை எனும் வடிவம் சமூகத்திலே எப்பணிகளைச் செய்துவந்தது எனும் வினாவை இவ்விரண்டும் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பி, தமிழ் அறிவியல் ஏடுகளின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சஞ்சிகை செய்த பணிகளுட் சிலவற்றை இணையம் திறம்பட ஏற்றுக்கொண்டது. வேறு சில பணிகள் எவராலும் ஏற்றுக்கொள்ளப்படாது கைவிடப்பட்டன. கைவிடப்பட்டவற்றின் பாரம் கோமாரி போன்ற ஊர்களின் மாணவர்மீதும் தொழிலாளர்மீதுமே கூடுதலாக வீழ்ந்துள்ளது என்பது இங்கு வலியுறுத்தப்படும்.

2

தமிழிலே நவீன அறிவியலை எழுதும் முயற்சி அச்சியந்திரத்தின் பரவலோடு தொடங்கியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்ததோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். 1882 இல் கண்டியிலிருந்து மு. கா. சித்திலெவ்வை வெளியிடத்தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', நவீன கல்வியின் தேவையைத் தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே இடையறாது எடுத்துரைத்தது. அக்காலத்திலே ஏடு நடத்துதல் சமூகச் சீர்திருத்தத்தின் ஒரு கூறாகவே விளங்கியது.

மருத்துவமோ பொறியியலோ தமிழில் எழுதப்படும்போது முதலில் எதிர்ப்படுவது சொற்பிரச்சினையாகும். இதனைத் தீர்க்கும் கருவியாகவும் சஞ்சிகையே முதலிற் கையாளப்பட்டது. 1916 இல் சேலத்திலே இராசகோபாலாச்சாரியாரும் அவர்தம் நண்பர்களும் நிறுவிய தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கம், கலைச்சொற்களை அறிஞர்முன் வைத்து விவாதிப்பதற்கென்றே ஓர் ஏட்டினை நடத்தியது. இருபது ஆண்டுகளின் பின்னர், 1936 இல் சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சுவாமி விபுலானந்தர். அவர் பிறந்த காரைதீவு கல்முனைக்கு அயலிலுள்ளது. இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் பாடசாலைகளிலே விஞ்ஞானம் கற்பித்தவராகவும், பின்னர் 'இராமகிருஷ்ண விசயம்', 'பிரபுத்த பாரத' ஆகியவற்றின் ஆசிரியராகவும் விளங்கிய அவரிடத்திலே விஞ்ஞானமும் தமிழும் இதழியலும் ஒருங்கே அமைந்திருந்தன. அறிவியலைத் தமிழிற் சொல்வதென்னும் பணிக்கு இக்கரையோரம் வழங்கிய பங்களிப்பு சிறிதன்று. ஆகவே கோமாரியிலிருந்து இவ்வரலாற்றை நோக்குதல் பொருத்தமுடையதே.

3

இலங்கையிலே தமிழ் அறிவியற் சஞ்சிகைகளுக்கான வாசகர் கூட்டத்தை உருவாக்கியது கல்விமொழி மாற்றமாகும். சுதந்திரத்தை அண்டிய ஆண்டுகளிலே ஆரம்ப வகுப்புக்களிற் புகுந்த தாய்மொழிக் கல்வி, 1960களிலே உயர்தர விஞ்ஞான வகுப்புக்கள்வரை பரவியது. பௌதிகவியல், இரசாயனவியல், இலத்திரன், அமுக்கம் என்றவாறு ஓர் ஒழுங்கான சொற்றொகுதி அரச வெளியீடுகள் வாயிலாகப் பாடசாலைகளிலே நிலைபெற்றது. ஆயினும் பல்கலைக்கழகங்களிலே விஞ்ஞானமும் பொறியியலும் மருத்துவமும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. இதனால் ஒரு முரண்பாடு தோன்றியது. பாடசாலையிலே தமிழில் விஞ்ஞானம் கற்றோருட் சிறுதொகையினரே பல்கலைக்கழகம் புகுந்தனர். புகாத பெருந்தொகையினர் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மின்னிணைப்பாளராகவும் வானொலி திருத்துவோராகவும் சமூகத்திலே பரந்தனர். மேற்படிப்பு மறுக்கப்பட்ட இவர்களுக்கு வகுப்பறைக்கு வெளியே கல்வியைத் தொடர்வதற்குக் கிடைத்த வாயில்களுட் சஞ்சிகையே மலிவானது.

1970களிலே பேராதனைப் பல்கலைக்கழகச் சூழலிலிருந்து முகிழ்த்த 'ஊற்று' இத்தேவையை உணர்ந்து வெளிவந்த ஏடாகும். ஆங்கிலத்திற் கற்பிக்கும் விரிவுரையாளர் தமது துறையைத் தமிழில் எழுதும் பொறுப்பினை ஏற்றமை அதன் சிறப்பாகும். அப்பத்தாண்டின் முற்பகுதியிலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்நாட்டு ஏடுகளுக்கு ஊக்கமளித்தது என்பதும், 1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் அவற்றை மீண்டும் கடும்போட்டிக்குள்ளாக்கியது என்பதும் இலங்கை இதழியல் வரலாற்றிலே அறியப்பட்டவை. தமிழ்நாட்டிலே 1940களின் இறுதியில் ஜி. ஆர். தாமோதரன் கோயம்புத்தூரிலிருந்து தொடங்கிய 'கலைக்கதிர்' பல பத்தாண்டுகளாக இப்பணியைச் செய்துவந்தது.

போர்க்கால யாழ்ப்பாணத்தின் அனுபவம் தனியே நோக்கற்பாலது. 1990களின் முதற்பாதியிலே குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலமும் அச்சுத்தாளும் தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டிருந்தன. பயிற்சிக் கொப்பிகளின் கோடிட்ட தாள்களிலே நூல்களும் ஏடுகளும் அச்சாகிய காலம் அது. அக்காலத்திலேயே வரதர் வெளியிட்ட 'அறிவுக்களஞ்சியம்' போன்ற மாணவர் ஏடுகள் வெளிவந்தன, விளக்கொளியிலே வாசிக்கவும்பட்டன. மின்சாரம் அற்ற சமூகமொன்று அறிவியல் ஏடுகளைப் பேணியது; மின்சாரமும் இணையமும் வந்த சமூகம் அவற்றைக் கைவிட்டது. எனவே தொழினுட்ப வசதி ஒன்றையே காரணமாகக் கொண்டு சஞ்சிகைகளின் வாழ்வையும் தாழ்வையும் விளக்கமுடியாது. அவற்றின் பொருளாதார அடிப்படையை நோக்குதல் வேண்டும்.

4

கணினிச் சஞ்சிகைகளின் உலக வரலாறு இவ்வகையிலே தெளிவு தருவது. 1975 சனவரியிலே 'பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்' எனும் அமெரிக்கச் சஞ்சிகையின் அட்டையிலே 'அல்ரெயர்' எனும் சிறு கணினி வெளியாகியமை, வீட்டுக் கணினிகளின் வரலாற்றிலே ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அதே ஆண்டு செத்தெம்பரிலே 'பைற்' தோன்றியது. வாசகர்கள் சஞ்சிகையில் அச்சான நிரல்களை வரிவரியாகத் தட்டச்சுச் செய்து தமது கணினிகளை இயக்கினர். அவ்வகையிலே அச்சு, கணினி யுகத்தின் செவிலித்தாயாக இருந்தது. இந்தியாவிலே 1982 இல் 'டேற்றாகுவெஸ்ற்', 1987 இல் 'பிசி குவெஸ்ற்' ஆகியன ஆங்கிலத்தில் வெளிவந்தன. 1990களிலே சென்னையிலிருந்து 'தமிழ் கம்ப்யூட்டர்' வெளிவந்து, ஆங்கிலம் அறியாதவரும் கணினியைக் கற்கலாம் எனும் நம்பிக்கையைத் தமிழ் வாசகரிடையே ஏற்படுத்தியது.

அமெரிக்கச் சஞ்சிகைகளின் பருமனை ஆக்கியவை விளம்பரங்களே. 1980களின் தொடக்கத்திலே 'பைற்' இதழ்கள் 500 பக்கங்களைத் தாண்டின. அப்பக்கங்களிற் பெரும்பகுதி கணினி உற்பத்தியாளரதும் விற்பனையாளரதும் பணத்தால் நிரம்பியது. வாசகன் கொடுத்த விலை உற்பத்திச் செலவின் ஒரு பகுதியையே ஈடுசெய்தது. எனவே விளம்பரப் பணம் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது, வாசகர் இருக்கும்போதே ஏடுகள் வீழ்ந்தன. 'பைற்' 1998 சூலையோடு நின்றது. 'பிசி மகசின்' 2009 சனவரியோடும், 'பிசி வேள்ட்' 2013 இலும், 1967 முதல் வெளிவந்த 'கொம்பியூட்டர் வேள்ட்' 2014 இலும் அச்சுவடிவைக் கைவிட்டன. 2023 இல் 'மக்சிமம் பிசி'யும் அச்சை விட்டது. கணினியைப் பற்றி எழுதிய ஏடுகளே கணினியினால் முதலிற் பாதிக்கப்பட்டமை வியப்பன்று. அவற்றின் வாசகரே இணையத்தை முதலில் அடைந்தவர்கள்.

தமிழ் ஏடுகளின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அவற்றுக்கு அத்தகைய விளம்பரச் செல்வம் ஒருபோதும் வாய்க்கவில்லை. கணினி விற்கும் நிறுவனங்கள் ஆங்கிலம் அறிந்த நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தையே தமது சந்தையாகக் கருதின. கோமாரியின் வானொலி திருத்துநர் அவர்களது கணக்கிலே வரவில்லை. ஆகவே தமிழ்த் தொழினுட்பச் சஞ்சிகைகள் வாசகரின் காசாலும் ஆசிரியரின் தியாகத்தாலும் நண்பர் குழாங்களின் உழைப்பாலுமே நடைபெற்றன. இத்தகைய ஏடு சிறிய அதிர்வையும் தாங்கமாட்டாது. தாள் விலை, அஞ்சற் கட்டணம், முகவரிடமிருந்து திரும்பாத பணம் ஆகிய யாவும் அதன் உயிரை உடன் தாக்கும். அச்சுத்தாள் இறக்குமதியிலே தங்கியிருக்கும் நாட்டின் நிலை எத்தகையது என்பதனை 2022 இன் பொருளாதார நெருக்கடி தெளிவாக்கிற்று. அவ்வாண்டு மார்ச்சிலே, தாள் தட்டுப்பாட்டினால் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளேடுகளே தமது அச்சுப் பதிப்புக்களை இடைநிறுத்த நேர்ந்தது. நாளேடுகளுக்கே இந்நிலை எனின், சிற்றேடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

5

இலங்கையிலே வணிக அடிப்படையிலான இணையச் சேவை 1995 இல் தொடங்கியது. எனினும் நீண்டகாலம் அது கொழும்பின் வசதியாகவே இருந்தது. தமிழைக் கணினியிலே எழுதுவதிலும் குழப்பம் நிலவியது. இலங்கையிற் பெருவழக்காயிருந்த 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் எழுதியதனை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்க இயலாது. 1999 இல் சென்னையிலே நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் விசைப்பலகை முடிவுகளும், யுனிக்கோடு முறையின் படிப்படியான பரவலும் இக்குழப்பத்தைக் காலப்போக்கிலே தீர்த்தன. 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. கோமாரியும் அழிவுக்குள்ளாகிய ஊர்களுள் ஒன்று. வீடுகளோடு புத்தகங்களும் கொப்பிகளும் கடலோடு சென்றன. மறு ஆண்டிலே அரசு 'நெனசல' எனும் கிராமிய அறிவு நிலையங்களை நாடெங்கும் நிறுவத்தொடங்கியது. அதன் பின்னர் கைத்தொலைபேசி வழியான இணையம் விரைந்து பரவி, அந்நிலையங்களையும் பின்தள்ளியது.

இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. முன்னர் ஒரு திருத்துநர் தன் கையிலுள்ள கருவியின் மின்சுற்று வரைபடத்தைப் பெற ஊரூராக அலையவேண்டியிருந்தது. இன்று அது சில நொடிகளிலே கிடைக்கின்றது. காணொளிகளைப் பார்த்தே தொழில் கற்றுக் கடை வைத்த இளைஞர் பலர் இக்கரையோரத்திலே உள்ளனர். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் கூட்டுழைப்பினாலே தமிழுக்குச் செய்துள்ள பணி பெரிது. பழைய ஈழத்துச் சஞ்சிகைகள் பலவற்றை இன்று நாம் வாசிக்கமுடிவது நூலகம் திட்டத்தினாலேயே ஆகும்.

6

அவ்வாறாயின் இழக்கப்பட்டது யாது? மூன்றினைக் குறிப்பிடலாம்.

முதலாவது, ஒழுங்குமுறை. செய்தியைத் தருவதோடு சஞ்சிகையின் பணி முடிவதில்லை. ஒரு தொடரின் முதற் பாடம் தடை எனின் யாது என்று கூறும். இரண்டாம் பாடம் கொள்ளளவியைக் கூறும். ஆறாம் பாடத்திலே வாசகன் ஒரு வானொலிச் சுற்றை அமைக்கக்கூடியவனாவான். எதன் பின் எது கற்கப்படவேண்டும் எனத் தீர்மானித்தவர் பெயர்சுட்டிய ஓர் ஆசிரியர். பிழை நேரின் அடுத்த இதழிலே திருத்தம் வெளியிடவேண்டிய கடப்பாடும் அவருடையதே. இணையத்திலே இவ்வொழுங்கினைத் தீர்மானிப்பது, பார்வையாளரை நீண்டநேரம் பிடித்துவைத்து விளம்பரம் காட்டுவதனை இலாபமாகக் கொண்ட சில பெருநிறுவனங்களின் கணிப்பு முறையாகும். தன் கைத்தொலைபேசியின் பிழையைத் திருத்தக் கற்ற இளைஞன், அப்பிழை ஏன் நிகழ்கின்றது என்பதனை அறியாமலே இருக்க நேர்கின்றது. திறன் பெருகியுள்ள அளவுக்கு விளக்கம் பெருகவில்லை.

இரண்டாவது, சொல்லாக்கம். இலங்கைப் பாடசாலையிலே இலத்திரனியல் என வழங்குவதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னணுவியல் என்கின்றன. இங்கு இரசாயனவியல், அங்கு வேதியியல். இங்கு பௌதிகவியல், அங்கு இயற்பியல். கம்ப்யூட்டருக்கோ கணிப்பொறி, கணினி, கணனி எனப் பல வடிவங்கள். காணொளிகளிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலே ஆக்கப்படுவன. அவற்றிற் பேசுவோர் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வினையோடு சேர்த்து வழங்குகின்றனர். பேச்சிலே அது இயல்பானதே. ஆனாற் கோமாரி மாணவன் தன் பாடநூலிற் கற்ற சொல்லை இட்டுத் தேடும்போது, இருக்கும் விளக்கமும் அவன் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. பாடநூலின் சொல்லுக்கும் பட்டறையின் சொல்லுக்கும் இடையே பாலமாக இருந்தது சஞ்சிகையே. அதன் ஆசிரியர் ஒரு புதிய சொல்லை இட்டு, அருகிலே வழக்குச் சொல்லையும் தந்து, பல இதழ்களிலே தொடர்ந்து வழங்கி அதனை நிலைநிறுத்தினார். கலைச்சொல்லாக்கம் குழுவின் அறையிலே தொடங்குமாயினும், தொடர்ச்சியான உரைநடையிலே பழகிய பின்னரே சொல் உயிர்பெறும். விபுலானந்தர் காலத்து மாநாட்டுச் சொற்களுட் பல பட்டியல்களிலேயே தங்கிவிட்டமைக்குக் காரணம், அவற்றை அன்றாடம் கையாளும் ஏடுகள் போதியளவு இல்லாமையே எனலாம்.

மூன்றாவது, பேணல். தாள் செல்லரிக்கும், வெள்ளத்திலே அழியும், எரிக்கவும்படும். 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நாம் மறக்கமுடியாது. எனினும் அச்சிலே ஒரே ஏட்டின் பல படிகள் பல ஊர்களிலே இருந்தன. ஒரு நூலகத்தில் அழிந்தது இன்னொருவர் பரணிலே கிடைத்தது. இணையத்திலோ ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு ஒரு முழுக் காலகட்டத்தையும் அழித்துவிடும். தனியாட்கள் இலவசமாகப் பக்கங்களை அமைத்துவந்த 'யியோசிற்றீஸ்' 2009 இல் மூடப்பட்டபோது இலட்சக்கணக்கான பக்கங்கள் ஒருங்கே நீங்கின. ஆர்வலர் சிலர் முயன்று காத்தவையே எஞ்சின. பழைய எழுத்துருக்களிலே எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் எஞ்சியிருப்பினும், மாற்றியமைக்காத பட்சத்தில் அவை வாசிக்க இயலாத குறிக்கோவைகளே. 1970களின் 'ஊற்று' இதழ் ஒன்றை இன்று எடுத்து வாசிக்க ஒரு விளக்குப் போதும். இருபது ஆண்டுகளுக்கு முந்திய இணையக் கட்டுரையைப் பற்றி அவ்வாறு உறுதி கூற இயலாது.

7

மறைந்த வடிவத்தை அவ்வாறே மீட்பது சாத்தியமுமன்று, அவசியமுமன்று. ஆயின் இணையத்தின் வருகை எல்லாச் சஞ்சிகைகளையும் அழித்துவிட்டது என்பதும் உண்மையன்று. செருமனியிலே 1983 இல் தொடங்கிய 'சி-ரி' எனும் கணினிச் சஞ்சிகை இன்றும் அச்சில் வெளிவருகின்றது; சொந்தமாகப் பரிசோதனை செய்து எழுதும் மரபையும் சந்தாதாரரின் பலத்தையும் அது கொண்டுள்ளது. டில்லியிலிருந்து 1969 முதல் 'எலெக்ரோனிக்ஸ் போர் யூ' வெளிவருகின்றது. தமிழிலே, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 இல் தொடங்கிய 'துளிர்' சிறுவர் அறிவியல் ஏடு, ஆசிரியரும் தொண்டர்களும் ஊர்தோறும் எடுத்துச்சென்றமையாலே நிலைத்தது. இவற்றிடையே ஒற்றுமை ஒன்று உண்டு. விளம்பரதாரனை நம்பிய ஏடு அவனோடு சென்றது. வாசகரையும் இயக்கத்தையும் நம்பிய ஏடு நிலைத்தது.

இதிலிருந்து நமக்குரிய கடமை பெறப்படுகின்றது. ஒலுவிலிலே 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டிலே பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்திலேயே உள்ளது. அதன் விஞ்ஞான, பொறியியற் கல்வி ஆங்கிலத்திலே நடைபெறுவது தேவை கருதியதாகலாம். ஆயினும் அக்கல்விக்கான செலவைத் தம் உழைப்பால் இறுக்கும் மக்களின் மொழியிலே அதன் பயனைத் திருப்பித் தரும் கடப்பாடு அதற்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒருசேர உண்டு. தமிழ்ச் சங்கங்கள் இலக்கியத்தோடு தம் எல்லையை வரையறுத்துக்கொண்டமை இவ்விடத்திலே மறுபரிசீலனைக்குரியது. விஞ்ஞான பீட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் கூடி, ஒழுங்கான பாடத் தொடர்களை எழுதி, பாடநூற் சொல்லையும் வழக்குச் சொல்லையும் அருகருகே தந்து, இணையத்திலே இலவசமாக வெளியிட்டு, ஆண்டுதோறும் அவற்றின் தொகுப்பினை அச்சிட்டுப் பாடசாலை நூலகங்களுக்கு அனுப்புவார்களாயின், அச்சின் உறுதியும் இணையத்தின் வேகமும் ஒருங்கே பயன்படும். இதற்குப் பெருமூலதனம் வேண்டியதில்லை. 'ஊற்று' குழுவினரிடமும் பெருமூலதனம் இருக்கவில்லை.

கைத்தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் கோமாரி மாணவனுக்குத் தகவற் பஞ்சம் இல்லை. அவனுக்குத் தேவையானவர், அவன் மொழியில், அவன் கற்ற சொற்களில், எதனை முதலிற் கற்கவேண்டும் என்று பொறுப்போடு கூறும் ஓர் ஆசிரியர். முந்தைய தலைமுறைக்கு அத்தகையோர் பலரைச் சஞ்சிகைகள் தந்தன. இன்றைய தலைமுறைக்கு அவர்களைத் தரவேண்டிய பொறுப்பு நம்முடையது.